முதல் குளிர்காலத்திலேயே லில்லஹம்மருக்கு ஒருநாள் போய் வாருங்கள்

நோர்வேக்கு ஒக்டோபர், நவம்பரில் வந்து இறங்குபவர்கள் பலர் மார்ச் முடியும்வரை வீடு, மொழி வகுப்பு, வேலை, கடை என்று மட்டுமே சுற்றுகிறார்கள், ஸ்னோ கரைந்த பிறகு ஊர் பார்க்கலாம் என்று. அப்படிக் காத்திருக்க வேண்டாம். 80களில் வந்த எங்கள் தமிழ் ஆட்கள் பலர் வடக்கே பின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டே இந்தக் குளிரைப் பழகினார்கள், உங்களாலும் முடியும். குளிர் இங்கே வருடத்தில் பெரும்பகுதி. அதை யன்னலுக்குள் இருந்தே கழித்தால் மனம்தான் முதலில் சோரும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஒஸ்லோவுக்கு வடக்கே உள்ள லில்லஹம்மர் நகரம், அதுவும் ரயிலில். ஒஸ்லோ மத்திய நிலையத்தில் ஏறினால் மாறி ஏறத் தேவையில்லை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். போகும்போது இடப்பக்க யன்னலோரம் இருங்கள். எய்ட்ஸ்வோல் தாண்டியதும் நாட்டின் மிகப் பெரிய ஏரியான மியோசா அந்தப் பக்கம்தான் வரும், ஹாமருக்கு முன்னால் ஸ்டாங்கெயின் பெரிய பண்ணைகள், வெள்ளை வயலுக்கு நடுவில் சிவப்புக் களஞ்சியங்கள், பிறகு ஹாமரில் கவிழ்த்த கப்பல் போலக் கூரை வைத்த ஒலிம்பிக் மண்டபம். 1994 குளிர்கால ஒலிம்பிக் நடந்த பகுதி இது. லில்லஹம்மரில் இறங்கினால் பழைய மரவீடுகள் உள்ள கடைத்தெரு நடக்கிற தூரம், மேலே ஏறினால் மைஹாவ்கன் திறந்தவெளி அருங்காட்சியகம், அங்கே கார்மோ என்ற ஊரிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய மரத் தேவாலயமும் இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் திறக்கும் நேரம் மாறும், முதலே பாருங்கள்.

நாளைத் தெரிவு செய்யும்போது குளிரைவிட வெளிச்சத்தைப் பாருங்கள், இதுதான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் யோசிக்காதது. டிசம்பர் 21ஐ ஒட்டி ஒஸ்லோவில் சூரியன் காலை 9 மணிக்குப் பிறகு எழுந்து பிற்பகல் 3 மணி கழிந்ததும் மறைந்துவிடும். பெப்ரவரி கடைசியில் மாலை 5 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், ஸ்னோவும் நன்றாக இருக்கும், ஆகவே அந்த நேரம்தான் நல்லது. பாடசாலைக் குளிர்கால விடுமுறையில் மட்டும் ரயில் நிறைந்துவிடும். காலநிலையை 'ஈர்' (Yr) செயலியில் பாருங்கள். லில்லஹம்மர் கடலை விட்டு உள்ளே இருப்பதால் ஒஸ்லோவில் -3 என்றால் அங்கே -10, -12 என்று இருப்பது ஆச்சரியமில்லை.

இனி உடுப்பு. தடித்த ஜக்கெற் ஒன்றை வாங்கிவிட்டு உள்ளே பருத்தி பெனியனோடு போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் உடம்பு விறைக்கும். தோலோடு ஒட்டிக் கம்பளி உள்ளுடுப்பு மேலும் கீழும், அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை அல்லது பிளீஸ் (fleece) துணிச் சட்டை, கடைசியில் காற்று புகாத ஜக்கெற். சப்பாத்து அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும், காலுறையோடு இறுகினால் இரத்தம் ஓடாது, விரல்தான் முதலில் போகும். பிள்ளைகளுக்கு விரல் பிரியாத கையுறை, மாற்றுவதற்கு இன்னொரு சோடி. அவர்களின் கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் தேய்க்காதீர்கள், உள்ளங்கையை வைத்துச் சூடாக்கி உடனே உள்ளே கூட்டிப் போங்கள். நடைபாதை பளிங்காக உறைந்திருக்கும், சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற 'புரொடர்' முட்கள் எங்கும் விற்கிறார்கள், வயதான அப்பா அம்மா கூட வந்தால் கட்டாயம் வாங்குங்கள்.

இதையெல்லாம் வாங்கக் காசு எங்கே என்று கேட்பீர்கள். பல கொம்யூன்களில் (உள்ளூராட்சிகளில்) 'பூஆ' (BUA) என்ற இரவல் நிலையங்கள் இருக்கின்றன, ஸ்கி (காலில் மாட்டிப் பனியில் சறுக்கும் நீளக் கட்டைகள்), சறுக்குப்பலகை எல்லாம் இலவசமாகத் தருவார்கள். பாடசாலையில் ஸ்கி நாள் வரும்போதும் இதுவே கைகொடுக்கும்.

சாப்பாட்டைக் கொண்டு போங்கள், கடையில் வாங்கினால் விலை தாங்காது. பாணுக்குள் சம்பலோ முட்டையோ வைத்துச் சுற்றி, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. வெளியே இருந்து பொதி பிரித்துச் சாப்பிடுவது இங்கே எல்லாரும் செய்வது, கூச்சமே வேண்டாம். கைபேசியை உள் ஜக்கெற் பையில் வையுங்கள், குளிரில் பட்டரி சட்டென்று இறங்கும்.

இரண்டு விஷயத்தில் விளையாட வேண்டாம். ஸ்கிக்காகக் கோடு போட்டு வைத்த பாதையில் நடக்காதீர்கள், கால் பதிந்தால் மற்றவர்களுக்குப் பாதை கெடும், ஓரமாகப் போகலாம். ஏரி உறைந்தது போல் தெரிந்தாலும் உள்ளூர்க்காரர் நடமாட்டம் இல்லாத இடத்தில் இறங்கவே வேண்டாம். உறுதியான பனிக்கட்டி 10 சென்ரிமீற்றராவது வேண்டும் என்பது வழமையான அளவு, ஆற்று வாயருகில் அது நம்ப முடியாது. அம்புலன்ஸ் 113.

காரில் போகலாமா என்றால், முதல் குளிர்காலத்தில் வேண்டாம் என்பேன். இலங்கை, இந்திய லைசென்ஸ் குடியேறி 3 மாதம்தான் செல்லும். இங்கே லைசென்ஸ் எடுக்கும்போது வழுக்குப் பாதையில் ஓட்டும் பயிற்சியும் கட்டாயம், அதை முடித்துவிட்டு ஓட்டுங்கள். குளிர்காலத்தில் ரயர் பள்ளம் 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும், ஒளிரும் மேலங்கி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், விடியலிலும் பொழுது சாயும்போதும் எல்க் மான் வீதிக்கு வரும்.

திரும்பும் ரயிலை வீட்டிலிருந்தே பார்த்து வையுங்கள். தண்டவாள வேலை இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அதற்குக் கூடுதல் நேரம் போகும், சின்னப் பிள்ளைகளோடு என்றால் அந்த வார இறுதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.