டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பும் முன் ஒரு வெள்ளைக் கோடு

பழைய பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது டிஸ்டிரிபியூட்டர். அதைத் திருப்பித்தான் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, மாற்றுவார்கள். அதன் திருகைத் தளர்த்துவதற்கு முன், அதன் உடற்பகுதியும் எஞ்சினும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுத்தை அழிக்க வைத்திருக்கும் வெள்ளை மை போதும். எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் முனையில் உள்ள சக்கரம்தான் கிராங்க் புல்லி; அதன் வெட்டுக்குறியைத் துடைத்து, அதிலும் ஒரு பொட்டு வையுங்கள். தோட்டச் சாலையின் செம்மண்ணும் எண்ணெயும் அப்பிய புல்லியில், தீப்பொறிக்கு ஒத்து ஒளிவிடும் டைமிங் விளக்கு எத்தனை முறை மின்னினாலும் வெறும் வெட்டுக்குறி கண்ணில் படாது.

டிஸ்டிரிபியூட்டர், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுழல்கிறது. ஆகவே அதை 1 பாகை திருப்பினால் கிராங்க் கணக்கில் டைமிங் 2 பாகை மாறிவிடும். கை சற்றே தவறினாலும், கோடு இருந்தால் பழைய இடத்துக்கு உடனே திரும்பலாம். பட்டறைக்குக் காசு அழ வேண்டியதில்லை.

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது பழைய கார்புரேட்டர் புரோட்டான் சாகாவின் எஞ்சின் 'கடகட'வென்று தட்டினால், பலர் ரோன் 97 பெட்ரோலுக்கு ஓடுகிறார்கள். முதலில் டைமிங்கைப் பாருங்கள். டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுழலும் திசையிலேயே உடற்பகுதியை மயிரிழை திருப்பினால் டைமிங் பின்தங்கும், தட்டலும் அடங்கும். அளவு மீறினால் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். சரியான பாகைக்குக் காரின் கையேடுதான் பேச்சு.

மைவி போன்ற, டைமிங்கைக் கணினியே கவனிக்கும் கார்களுக்கு இது பொருந்தாது. ரேடியேட்டர் கோளாறால் எஞ்சின் கொதித்துத் தட்டினாலும் டிஸ்டிரிபியூட்டரைத் தொடாதீர்கள்.