பிரான்டே சகோதரிகளைப் பற்றி எழுதும்போது நேரும் தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்களான சார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்டே சகோதரிகள் மூவரையும் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஆளரவமற்ற பொட்டல்வெளி, தாயில்லாப் பிள்ளைகள், 1847இல் திடீரென்று மூன்று நாவல்கள். தாயை இழந்தது உண்மை. மற்ற இரண்டும் அப்படியில்லை.

அவர்கள் வளர்ந்த ஹாவர்த், யார்க்‌ஷயரில் ஆலைகளும் நெரிசலும் உள்ள ஊர். குடிநீரும் வடிகாலும் படுமோசம். 1850இல் நடந்த அரசு ஆய்வின்படி அங்கே இறந்தவர்களின் சராசரி வயது 25தான்.

‘திடீரென்று’ என்பதுதான் பெரிய தவறு. 1826இல் அப்பா, மகன் பிரான்வெலுக்கு மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். அவற்றை வைத்து நான்கு பிள்ளைகளும் கற்பனை நாடுகளையே உருவாக்கினார்கள். உள்ளங்கையில் அடங்கும் புத்தகங்களில் பொடி எழுத்தில் கதை எழுதினார்கள். அப்புறம் சார்லட்டும் பிரான்வெலும் ஆங்ரியா என்ற கற்பனை நாட்டின் பக்கம் போக, எமிலியும் ஆனும் கோண்டல் என்ற நாட்டை எழுதினார்கள். சார்லட்டின் ‘ஜேன் அயர்’ நாவல் வருவதற்கு முன் இருபது ஆண்டுப் பயிற்சி இருக்கிறது! அதில் சரிசமமாக நின்ற பிரான்வெலைக் குடிகாரத் தம்பி என்று ஒரே வரியில் முடிப்பது அநியாயம். சகோதரிகளுக்கு முன்பே பத்திரிகையில் கவிதை வெளியிட்டவர் அவர்.

தோல்விகளையும் விட்டுவிடக் கூடாது. 1846இல் புனைபெயர்களில், சொந்தக் காசில் போட்ட கவிதைத் தொகுப்பு முதல் ஆண்டில் இரண்டே பிரதிதான் விற்றது. சார்லட் முதலில் எழுதி முடித்த நாவலைப் பதிப்பாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். அது அவர் இறந்த பிறகு, 1857இல்தான் வெளிவந்தது.

ஆன் பிரான்டேயை ‘மூன்றாவது சகோதரி’ என்று ஒதுக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பிறர் வீட்டில் ஐந்து ஆண்டுகள் ஆசிரியையாகத் தாக்குப்பிடித்தவர் அவர். 1848இல் வந்த ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலின் நாயகி, குடிகாரக் கணவனை விட்டுப் பிள்ளையுடன் வெளியேறி, ஓவியம் விற்றுப் பிழைக்கிறாள். மணமான பெண்ணுக்குச் சொத்துரிமையே இல்லாத காலத்தில் எழுதியது. நன்றாக விற்று, அதே ஆண்டு மறுபதிப்பும் கண்டது. ஆன் இறந்தபின் சார்லட்டே அதை மீண்டும் அச்சிட விரும்பவில்லை. கதைப்பொருளே தவறு என்றார். எமிலியின் கவிதைகளிலும் அவர் கைவைத்தார். பாசமான அக்காதான், சரி. அதற்காகத் தங்கைகளைப் பற்றி அவர் சொன்னதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனின் அந்த நாவலை வாங்கும்போது முதல் பக்கத்தைப் பாருங்கள். கதைசொல்லி ஹால்ஃபோர்ட் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்துடன் தொடங்க வேண்டும். அது இல்லையென்றால், 1854இல் வெட்டிச் சுருக்கிய பதிப்பைப் பின்பற்றியதாக இருக்கலாம்.