பழைய தங்க வாட்ச்: விளிம்பிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

பழைய தங்க வாட்ச் என்றதும் பலரும் கேட்பது, "எத்தனை கிராம் தங்கம்?" என்றுதான். தங்கத்தின் எடை முக்கியமென்றால் நகையே போதும். இந்த வாட்ச்சுகளைத் தேடவைப்பது அவற்றின் வடிவம். அதைப் பார்க்கப் பழகும் முறையை, நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒரு மேசை விளக்கும், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சிறு உருப்பெருக்கியும் போதும். போன் கேமராவை நம்பாதீர்கள். மழுங்கிய ஓரத்தையும் அது தானாகவே கூர்மையாக்கிக் காட்டிவிடும்.

படி 1: அளவு
1940, 50களின் ஆண்கள் வாட்ச்சுகள் பெரும்பாலும் 31 முதல் 36 மி.மீ. விட்டம்தான். 1932இல் வந்த பட்டேக் ஃபிலிப் நிறுவனத்தின் கலட்ராவா 96 மாடல் ஏறக்குறைய 31 மி.மீ. சின்னதாக இருக்கிறதே என்று ஒதுக்காமல், கையில் கட்டிக் கண்ணாடியில் பாருங்கள்.

படி 2: லக்
ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கும் நான்கு கால்கள்தான் லக். இங்கே அவசரமே வேண்டாம். 18 காரட் என்றால் 75 சதவீதம் தங்கம், ஸ்டீலைவிட மென்மையானது. ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் தங்கம் போய்விடும், கூடவே வடிவமும் போகும்.

விளக்கொளி சாய்வாக விழும்படி பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பாலிஷ் படாத கேஸில் (வாட்ச்சின் வெளிக்கூட்டில்) ஒளி ஒற்றைக் கோடாக லக்கின் விளிம்பில் ஓடி, பட்டை திரும்பும் இடத்தில் சட்டென்று முறியும். பாலிஷ் அதிகமானதில் கோடு அகன்று கலைந்துவிடும். லக் தேய்ந்த சோப்புக் கட்டி போல உருண்டிருக்கும். நான்கு லக்கும் ஒரே தடிமனாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்ட்ராப் கம்பி நுழையும் துளை ஓரத்தை ஒட்டி நிற்கிறதா? அப்படியென்றால் அங்கிருந்த உலோகம் போய்விட்டது.

1917இல் உருவான கார்ட்டியே நிறுவனத்தின் டேங்க் மாடலில் கேஸின் பக்கச் சட்டங்களே நீண்டு லக் ஆகின்றன. அதில் அந்தச் சட்டங்களின் ஓரத்தைப் பாருங்கள்.

அப்புறம் முத்திரை. 18 காரட்டுக்கு 750, 14க்கு 585. பழைய சுவிஸ் 18 காரட் கேஸ்களில் ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை இருக்கும். வெளிப்புற முத்திரை மங்கியிருந்தால் அதுவும் பாலிஷின் வேலையாக இருக்கலாம். கீறல்கள் இருந்தால் இருக்கட்டும், பாலிஷுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

படி 3: டயல்
நிமிடக் கோடுகளை லூப்பில் பாருங்கள். இடைவெளி சீராக, ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும். எழுத்து தடித்தும் மெலிந்தும் இருந்தால் மறுபடி அச்சடித்த டயலாக இருக்க வாய்ப்பு அதிகம். 1952இல் அறிமுகமான ஒமேகா கான்ஸ்டலேஷனின் பை-பேன் டயலில் ஓரம் பட்டை பட்டையாகக் கீழிறங்கும். அந்த மடிப்புகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். புதுப்பித்துப் பளபளக்கும் டயலைவிடக் கறை படிந்த அசல் டயலைத்தான் நான் எடுப்பேன்.

படி 4: நிறம்
செம்பு கூடினால் தங்கம் சிவக்கும். சாவி கொடுக்கும் திருகின் நிறம் கேஸோடு ஒத்துப்போகாவிட்டால், அது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

பிற்சேர்க்கை: முலாம் வாட்ச்சை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பின்மூடியில் '20 மைக்ரான்' போன்ற எழுத்தோ 'கோல்ட் ஃபில்ட்' என்றோ இருந்தால் அது முழுத்தங்கம் இல்லை. எழுத்து அழிந்திருந்தால் படி 2க்கே போங்கள்: லக்கின் நுனியில்தான் முலாம் முதலில் தேய்ந்து, அடியிலுள்ள உலோகம் வேறு நிறத்தில் எட்டிப்பார்க்கும்.