ஏஜென்ட்டுகளுக்கு டெண்டர் விடும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு ஏஜென்ட் (தானே முடிவெடுத்துச் செயல்படும் நிரல் அல்லது ரோபோ) வேலையை அறிவிக்கும், மற்றவை விலை சொல்லும், நல்ல விலை சொன்னதற்கு வேலை போகும். கான்ட்ராக்ட் நெட் என்ற பெயரில் ரீட் ஸ்மித் 1980-இல் வெளியிட்ட முறை இது. கேட்க எளிதுதான், நிரல் எழுதும்போதுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வரும்.

பலரும் கோட்டை விடுவது விலைக் கணக்கில். ஒரு கிடங்கில் நேரான பாதை. 'அ' ரோபோ 0 மீட்டரில், 'ஆ' ரோபோ 21 மீட்டரில் நிற்கின்றன. 10-ஆம், 11-ஆம் மீட்டர்களில் எடுக்க வேண்டிய பெட்டிகள். ஓட வேண்டிய தூரம்தான் விலை. முதல் பெட்டிக்கு 'அ' 10 என்கிறது, 'ஆ' 11 என்கிறது, 'அ'வுக்குக் கிடைக்கிறது. அடுத்த பெட்டிக்கும் 'அ' தான் இப்போது நிற்கும் இடத்திலிருந்தே அளந்து 11 என்று சொன்னால், 10 சொன்ன 'ஆ' தட்டிக்கொண்டு போய்விடும். மொத்த ஓட்டம் 20 மீட்டர். கையில் இருக்கும் வேலையோடு சேர்த்துப் பார்த்தால் 'அ'வுக்குக் கூடுதல் செலவு வெறும் 1 மீட்டர். மொத்தம் 11-இல் முடிந்திருக்கும். எப்போதும் கூடுதல் செலவைத்தான் விலையாகச் சொல்ல வைக்க வேண்டும்.

அப்புறம், கெடு வைக்காமல் அறிவிப்பது. ஏஜென்ட்டுகளை எழுத உதவும் ஜாவா தளமான ஜேடில் (JADE) பதில் கெடுவை நிரப்பாமல் விட்டால், பதிலே சொல்லாமல் உறைந்துபோன ஒரு ஏஜென்ட்டுக்காக ஏலமே தொங்கிக்கொண்டிருக்கும். தோற்றவர்களுக்கு நிராகரிப்புச் செய்தி அனுப்பாமல் விடுவதும் இதே ரகம்: கிடைக்குமோ என்று நேரத்தையும் நினைவகத்தையும் ஒதுக்கிவைத்துக்கொண்டு அவை காத்திருக்கும்.

ஒரே ஏஜென்ட் மூன்று ஏலங்களில் விலை சொல்லி மூன்றிலும் ஜெயித்துவிட்டால்? விலை சொன்னதுமே இடத்தைப் பிடித்துவைத்தால் ஜெயிக்காதபோது வீண். பிடிக்காவிட்டால் ஜெயித்த பிறகு கைவிரிக்க நேரும். விலைக்குச் சிறிய காலாவதி வைப்பது ஓரளவு உதவும். கைவிரித்தால் மறு ஏலம் விடும் வழியையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். பல நிரல்களில் இந்தப் பகுதியே இருக்காது.

இப்போது எல்எல்எம் (பெரிய மொழி மாதிரி) கொண்டு இயங்கும் ஏஜென்ட்டுகளிடம் "எவ்வளவு உறுதியாகச் செய்வாய்?" என்று கேட்டு, அவை சொல்லும் 0.9-ஐயே விலையாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. முன்பு அதே மாதிரி வேலையில் எத்தனை முறை தேறியது, எவ்வளவு டோக்கன் (மாதிரி படித்து எழுதும் சொல்துண்டுகள்) செலவானது என்ற பதிவிலிருந்து ஏலம் விடுபவரே கணக்கிடுவது மேல்.

சரி, எல்லாவற்றுக்கும் ஏலம் வேண்டுமா என்றால், வேண்டாம். வேலை முடிய 20 மில்லிவினாடி, ஏலம் முடிய 200 என்றால் வரிசைப்படி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம்.