கணுக்கால் உடைந்தது, வேலை நிலைத்தது

நான் தீயணைப்பு வீரன். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ஓர் இரவு மீட்புப் பணியில், பாசி படர்ந்த படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்கால் நொறுங்கியது. விழுந்த எட்டாம் மாதம், மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெறச் சம்மதம் கேட்டுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஏணி ஏறாத தீயணைப்பு வீரனை வைத்து என்ன செய்வது என்று நினைத்திருப்பார்கள்.

"ஓய்வூதியம் வருமே அண்ணே, கையெழுத்துப் போடுங்கள்" என்றார் எழுத்தர். நல்ல மனிதர்தான், சட்டம் தெரியாதவர்.

நான் போடவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4): பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால் தனியாக ஒரு பணியிடம் உருவாக்கி அதில் வைக்க வேண்டும்.

இன்னொரு வில்லங்கம், பணியில் பட்ட காயத்துக்கான என் விடுப்பைச் சொந்த நோய் என்று பதிந்திருந்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, அன்றைய நிலையப் பதிவேட்டின் நகலைக் கேட்டேன். விதிப்படி 30 நாள் கெடு. 27ஆம் நாள் வந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்த குண்டூசியின் கறைகூட நகலில் தெரிந்தது. அதன் கீழே என் பெயர், அழைப்பு வந்த நேரம், "விழுந்து காயம்".

அந்த நகலையும் மருத்துவச் சான்றையும் இணைத்து, பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் துறைக்கு மனு அனுப்பினேன். ஒரு பிரதி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு. இப்போது கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கிறேன், அதே சம்பளத்தில். விடுப்புத் திருத்தம் மட்டும் இன்னும் கோப்பில் தூங்குகிறது.