மாரிக்கு இறைச்சி உருண்டை ஆணம்

கார்த்திகையில் மாரி பிடித்துவிட்டால் கிழக்கிலங்கைக் கரையில் இருக்கும் எங்கள் சாய்ந்தமருதில் கடல் இரைவது அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்த இராக்களில் பிள்ளைகள் கேட்பது இந்த ஆணத்தைத்தான், தேங்காய்ப்பால் விட்ட இறைச்சி உருண்டைக் குழம்பை. உம்மம்மா வைத்தது, இப்போது நான் வைக்கிறேன்.

அரை கிலோ மாட்டிறைச்சி போதும், பன்னிரண்டு உருண்டை வரும். கொஞ்சம் கொழுப்போடு வாங்கி, கண்முன்னே அரைத்துத் தரச் சொல்லுங்கள். ஒருமுறை அரைத்து வைத்திருந்ததை ஒரு கடையில் வாங்கி வந்தேன். தண்ணீர் விட்டிருந்தது, அவ்வளவு உருண்டையும் சட்டிக்குள் கரைந்து போனது. அன்றைக்குப் பிள்ளைகள் தின்றது வெறும் ஆணம்.

ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக வெட்டி, உப்புப் பிரட்டி, பத்து நிமிடம் கழித்து இறுக்கிப் பிழியுங்கள். உருண்டை உடைவதற்கு வெங்காயத் தண்ணீரும் ஒரு காரணம். இரண்டு துண்டுப் பாணில் (ரொட்டியில்) கருகிய ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, நாலு மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பிசைந்துகொள்ளுங்கள். வேகும்போது இறைச்சி இறுகிப்போகாமல் இந்தப் பாண்தான் பார்த்துக்கொள்ளும். முட்டை தேவையில்லை.

இறைச்சியில் முதலில் ஒரு தேக்கரண்டி உப்பை மட்டும் போட்டுக் கையால் பிசையுங்கள். இதில் அவசரப்படக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் உதிரியாக இருந்தது பசைபோல இழுபடும். ஒரு உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள், விழாமல் ஒட்டி நின்றால் சரி. அதன்பிறகுதான் வெங்காயம், பாண், இடித்த மிளகு, பெருஞ்சீரகத்தூள், பச்சைக் கொச்சிக்காய் எல்லாம். உருண்டை பிடித்துக் கொஞ்சம் தட்டையாகத் தட்டி, அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் காயவிட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பொரியுங்கள். அடி பொன்னிறமானால் தானாகக் கழன்று வரும், அதுவரை தொட வேண்டாம். உள்ளே பச்சையாக இருக்கட்டும், ஆணத்தில் வேகும்.

அதே தாச்சியில் சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை (வாசனைக்குப் போடும் இலை), கறுவா வதக்கி, ஒரு தக்காளி, இரண்டு தேக்கரண்டி கறித்தூள், கொஞ்சம் மஞ்சள் போடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் கருகலைச் சுரண்டிச் சேர்த்துவிடுங்கள், ஆணத்தின் நிறமும் ருசியும் அதில்தான். இரண்டு கோப்பை இரண்டாம்பால் ஊற்றிக் கொதித்ததும் உருண்டைகளை இறக்கி, மூடி, சிறு தீயில் பதினைந்து நிமிடம். அகப்பை போடவே வேண்டாம்; இரு கையாலும் பிடித்துத் தாச்சியைச் சுழற்றினால் போதும். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், நடுவில் சிவப்பு இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். அரைத்த இறைச்சியை அரைவேக்காட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

கடைசியில் அரைக் கோப்பை முதற்பால். கொதிக்க விட்டால் திரிந்துவிடும், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள்.

இரவைக்குச் சோறும் பருப்பும் போதும். எங்கள் வீட்டில் மூன்று உருண்டையை ஒளித்து வைப்பேன், விடியற்காலையில் ஆணம் கெட்டியாகியிருக்கும், சுடவைத்துப் பாணோடு கொடுத்தால் மகன் பள்ளிக்கு முணுமுணுக்காமல் போவான்.