ஒரு வாரத் தமிழ் வகுப்பு: கறிகாய்ச் சந்தையை வைத்து ஐந்து நாள் பாடம்

மொரீசியஸ் தொடக்கப் பள்ளியில் தமிழ் எடுக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து உருவான கிரியோல் மொழி. பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கிறது. தமிழ் அதற்கு நாலாவது மொழி. தமிழ்நாட்டுப் பிள்ளை ஆயிரக்கணக்கான சொற்களைக் காதில் ஏற்றிக்கொண்டுதான் எழுத்துக்கு வருகிறது. இங்கே அந்தச் சேமிப்பு இல்லை. அதனால் திங்கட்கிழமையே கரும்பலகையில் எழுத்தைத் தொடங்காதீர்கள். முதலில் காது, அடுத்து வாய், அதன்பின் கண், கடைசியில் கை. கீழே உள்ள பாடத்தை இந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறோம். முதல் ஆண்டு ஆசிரியர்களுக்கும், கோவில் மாலைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் பொருந்தும்.

24 பிள்ளைகள், ஆறு குழுக்கள், நாளுக்கு 40 நிமிடம் என்று கணக்கு. தமிழ் நேரத்தில் பல பிரிவுகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேர வேண்டியிருப்பதால் முதல் ஐந்து நிமிடம் போய்விடும். 35 நிமிடத்துக்கே திட்டமிடுங்கள்.

சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

வாரத்துக்கு எட்டுச் சொல் போதும். கொத்தமல்லி, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பீர்க்கங்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், தக்காளி, மிளகாய். முதல் நான்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே பாதி தெரிந்தவை: கோத்தோமிலி, காரிபூலே, பிரேட் முரும், பிபெங்காய் என்று கிரியோலில் தினமும் வீட்டில் காதில் விழுகிறவை. புதுச் சொல் என்ற பயம் இல்லாமல் வாய் திறக்க இவை உதவும். ஆகவே இந்த நான்கையும் முதலில் கொடுங்கள்.

எட்டையும் பேசினால் போதும். எழுதுவதற்கு மூன்று மட்டும்: தக்காளி, மிளகாய், கீரை. கொத்தமல்லியை இந்த வாரம் எழுத வைக்காதீர்கள். ‘கொ’ எழுத்தில் உயிர்க்குறி இரண்டு பக்கமும் வரும், அதற்குத் தனி வாரம் வேண்டும்.

ஞாயிறன்றே தயாராக வேண்டியவை

- எட்டுப் பண்டத்திலும் உண்மையானது ஒவ்வொன்று. கீரையும் இலைகளும் ஒரு கட்டு
- பட அட்டை: ஏ4 தாளை நாலாக வெட்டினால் இரண்டு தாளில் எட்டு அட்டை; ஆறு குழுவுக்கு 12 தாள்
- எழுத்து அட்டை: மி, ள, கா, ய் / த, க், கா, ளி / கீ, ரை. பத்து எழுத்தும் ஒரு தாளில் அடங்கும்; ஆறு குழுவுக்கு ஆறு தாள்
- அட்டைக் காசு: ஐந்து ரூபாய் 24, பத்து ரூபாய் 12
- சிவப்பு, கறுப்புப் பேனா

கீரையையும் இலைகளையும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முதல் பருவ வெயிலில் காலையில் பறித்த கொத்தமல்லி மதியத்துக்குள் துவண்டு மணம் இழந்துவிடும். மிளகாயை மட்டும் கண்ணாடிப் பையில் போட்டு மூடிக் காட்டுங்கள். ஒரு பிள்ளை தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் அன்றைய வகுப்பு அங்கேயே நின்றுவிடும்.

திங்கள்: காது

பண்டங்களை மேசையில் பரப்புங்கள். முதல் நான்கை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெயரை மூன்று முறை சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ‘கறிவேப்பிலை எங்கே?’ என்றால் கையைக் காட்டினால் போதும். நான்கும் தடுமாறாமல் வந்தபிறகு மற்ற நான்கு.

அடுத்து முகர்தல். கண்ணை மூடச் சொல்லி, இலையை விரலால் கசக்கி மூக்கருகே நீட்டி, ‘கொத்தமல்லியா, கறிவேப்பிலையா?’ என்று கேளுங்கள். இங்கேதான் பெயர் தானாக வாயில் வரும். வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், உச்சரிப்பைத் திருத்தாதீர்கள்.

வீட்டுப்பாடம் எழுத்தில் வேண்டாம். இன்று இரவு சமையலறையில் ஒரு பண்டத்தைக் காட்டி அம்மாவிடமோ பாட்டியிடமோ அதன் தமிழ்ப் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தைப்பூசக் காவடியை ஒட்டிய வாரமாக இருந்தால் இன்னும் நல்லது. காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறும் வீடுகளில் இந்தச் சொற்கள் உடனே பயன்படும்.

செவ்வாய்: வாய்

இன்று ஒரே வாக்கியம்: ‘எனக்குத் தக்காளி வேண்டும்.’ தக்காளி இருக்கும் இடத்தில் மற்ற ஏழும் மாறி மாறி வரும்.

கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் ‘நான் தக்காளி வேண்டும்’ என்பார்கள். கிரியோலில் ‘மோ ஊலே’ என்று ‘நான்’ முதலில் வருவதே காரணம். சிலர் ‘நான் வேண்டும் தக்காளி’ என்று வரிசையையும் மாற்றுவார்கள். இலக்கணம் விளக்கினால் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. சைகையால் திருத்துங்கள்: ‘எனக்கு’ என்றால் நெஞ்சில் கை, பண்டப் பெயருக்கு அதைச் சுட்டுதல், ‘வேண்டும்’ என்றால் கையை ஏந்துதல். கை வரிசை மாறாவிட்டால் சொல் வரிசையும் மாறாது. முழு வகுப்பாக ஐந்து முறை, குழுவாக மூன்று முறை, பிறகு தனித்தனியாக. தவறாகச் சொன்னவருக்குப் பண்டத்தைக் கொடுக்காமல், நீங்கள் நெஞ்சில் கை வைத்துக் காத்திருங்கள். பெரும்பாலும் தானே திருத்திக்கொள்வார்கள்.

‘வேணும்’ என்று சொல்லலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. பேச்சில் அதுதான் இயல்பு. ஆனாலும் இந்த வயதில் இரண்டு வடிவம் கொடுத்தால் பிள்ளை இரண்டு வேறு சொற்கள் என்று எடுத்துக்கொள்ளும். பாடநூலில் வருவது ‘வேண்டும்’. இந்த வாரம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடம் எண்கள்: ஐந்து, பத்து, இருபது. இங்கே புழங்கும் நாணயங்கள் இவை. ஓர் உண்மையான 100 ரூபாய்த் தாளையும் சுற்றுக்கு விடுங்கள். அதில் மொரீசியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கிறது, தொகை தமிழ் எழுத்திலும் அச்சாகியிருக்கிறது. ‘தமிழ் எங்கே இருக்கிறது?’ என்று தேட விடுங்கள். தன் நாட்டுப் பணத்திலேயே இந்த எழுத்து இருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்.

புதன்: கண்

வாரத்தின் கடினமான நாள் இது. நிதானமாகப் போங்கள்.

முதலில் ‘ள’. கிரியோலில் நாக்கை மடக்கும் ஒலி இல்லை, ஆகவே மிளகாய் ‘மிலகாய்’ ஆகும். சொல்ல வைப்பதற்கு முன் கேட்க வையுங்கள். புலி, புளி இரண்டுக்கும் படம் வரைந்து சுவரின் இரு மூலையில் ஒட்டுங்கள். நீங்கள் சொல்லும்போது உதட்டைத் தாளால் மறைத்துக்கொண்டு சொல்லுங்கள். பிள்ளைகள் உரிய மூலையைச் சுட்டட்டும். பத்தில் எட்டு முறை சரியாக வந்தபிறகு நாக்கு நுனியை மேலண்ணத்துக்கு மடக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வித்தியாசம் கேட்காத பிள்ளையை நூறு முறை சொல்ல வைத்தாலும் வராது.

அடுத்து எழுத்து அட்டைகள். மெய்யைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதியிருக்க வேண்டும். மூன்று இடங்களில் இடறும்.

‘ரை’யில் குறி இடப்பக்கம் நிற்கிறது. பிரெஞ்சு படித்த கண் இடமிருந்து வலமாகப் போய் ‘ஐர’ என்று வாசிக்கும். விரலை முதலில் கறுப்பில் வைத்து ‘ர’, பிறகு சிவப்புக்கு நகர்த்தி ‘ரை’ என்று சொல்லிப் பழக்குங்கள். எழுதும்போதும் முதல் வாரம் இரண்டு விரல் இடம் விட்டு ‘ர’வை எழுதி, பின்பு குறியைச் சேர்க்கச் சொல்லலாம். முறைப்படி குறிதான் முதலில் என்பார்கள். அந்தப் பழக்கத்தை அடுத்த மாதம் கொண்டுவரலாம், வாசிப்பு குழம்பிவிட்டால் அதைச் சரிசெய்ய ஒரு பருவம் ஆகும்.

‘கா’வில் உள்ள துணைக்காலையும் ‘ர’வையும் பிள்ளைகள் ஒன்றாகவே பார்ப்பார்கள், தக்காளியை ‘தக்கரளி’ என்று வாசிப்பது அதனால்தான். காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, ‘ர’வுக்கு அடியில் சாய்ந்த கோடு உண்டு. அந்தச் சாய்கோட்டை அழுத்தமாகக் காட்டுங்கள். அது தெளிவாகத் தெரியாத எழுத்துருவில் அட்டை அச்சிடாதீர்கள், கையாலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, புள்ளி. விட்டுவிட்டால் ‘தககாளி’. ஒவ்வொரு எழுத்துக்கும் கை தட்டுங்கள், புள்ளி வைத்த எழுத்துக்கு மட்டும் தட்டாமல் கையை மூடிப் பிடியுங்கள். த, பிடி, கா, ளி.

கடைசியில் குழுக்கள் எழுத்து அட்டைகளைக் கலைத்து மூன்று சொற்களையும் அடுக்கட்டும்.

வியாழன்: கை

நாளைய கடைக்கு விலைச்சீட்டு எழுதுவதே இன்றைய எழுத்து வேலை. கீரை, தக்காளி, மிளகாய் மூன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை பெரிதாக எழுதட்டும். மற்றவற்றுக்குப் படமும் விலையும் போதும். ஐந்து பண்டம் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய், மற்ற மூன்றும் ஒவ்வொன்றும் பத்து ரூபாய். பத்து முறை எழுது என்று தண்டனைபோல் கொடுத்தால் ஏழாவது முறையில் எழுத்து சிதையும்.

வெள்ளி: பசார் (சந்தை)

ஆறு மேசை, ஆறு கடை. கடைக்கு இருவர் விற்க, மற்ற 12 பேர் வாங்க. பத்து நிமிடத்தில் மணி அடித்து இடம் மாற்றுங்கள். வாங்குபவருக்கு இரண்டு ஐந்து, ஒரு பத்து; ஆக மூன்று பட அட்டை வாங்கலாம். சில்லறை மீதி கொடுப்பது கிடையாது. மீதி என்று வந்தால் உடனே கிரியோலில் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள், தமிழ் மறைந்துவிடும்.

ஒவ்வொரு கடையிலிருந்தும் ஓர் அட்டையை எடுத்து ஒளித்துவிடுங்கள். அப்போதுதான் ‘இல்லை’ என்று சொல்லவும் அடுத்த கடைக்குப் போகவும் தேவை வரும். மொத்தம் 42 அட்டை, வாங்கப்போவது 36, தட்டுப்பாடு வராது.

பேச்சு இப்படி:

— வணக்கம் அக்கா. எனக்குக் கத்தரிக்காய் வேண்டும்.
— இருக்கிறது. ஐந்து ரூபாய்.
— இந்தாங்கள். நன்றி.

சுட்டிக்காட்டி மட்டும் வாங்கப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். முழு வாக்கியம் கேட்ட பிறகே விற்க வேண்டும் என்று விற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்கள் உங்களைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள்.

நீங்கள் பெயர்ப் பட்டியலோடு நின்று ஒருவருக்கு ஒரு வாங்கலைக் கேட்டால் போதும். உதவியின்றி முழு வாக்கியம் வந்தால் 3 மதிப்பெண், தூண்டியபின் வந்தால் 2, வெறும் பெயர் மட்டும் என்றால் 1. புயல் எச்சரிக்கையால் ஒரு நாள் பள்ளி மூடினால் வியாழன் எழுத்து வேலையை விடுங்கள், பசாரை விடாதீர்கள். 1 மதிப்பெண் பெற்றவர்களை அடுத்த திங்களன்று, புதுச் சொல் தொடங்கும் முன், அதே அட்டைகளோடு கடைக்காரர்களாக உட்கார வையுங்கள். வாங்க வருபவர்கள் சொல்லும் வாக்கியம் பத்து முறையாவது அவர்கள் காதில் விழும்.